அலாஸ்கா கடலோரம்: பெரிய கப்பலா, சின்னக் கப்பலா, ஃபெரியா?

அலாஸ்காவின் ஃபிரெடரிக் சவுண்ட் என்ற கடல்சந்தில் காலை ஆறரை மணி. கையில் காப்பிக் கோப்பை இன்னும் சுடுகிறது. கேப்டன் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டார். கப்பலில் இருந்த அறுபது பேரும் முன்தளத்துக்கு வந்துவிட்டோம். யாரும் வாயே திறக்கவில்லை. அசையாமல் கிடந்த தண்ணீரில் முதலில் ஒரு குமிழி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வாசலில் யாரோ கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போவதுபோல் வட்டமாகக் குமிழிகள் எழுந்தன. கடற்காகங்கள் அந்த வட்டத்தின் மேலே கூடிக் கத்த ஆரம்பித்தன. அடுத்த நொடி, ஏழெட்டு ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் வாயைப் பிளந்தபடி ஒன்றாக மேலே வந்தன. ஹெர்ரிங் மீன்கள் வெள்ளிக்காசுபோல் சிதறின. கொஞ்சம் கழித்து அவை விட்ட மூச்சு காற்றில் எங்கள் பக்கம் வந்தது. மீன் சந்தையின் பின்பக்கத்து வாடை!

அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றோம். காலைச் சாப்பாடு தள்ளிப்போனது. பகலில் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சாயங்காலம் போனோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அதற்குச் சில வருடங்கள் முன்பு இதே கடல்வழியில் அப்பா அம்மாவைப் பெரிய கப்பலில் கூட்டிப்போயிருந்தேன். அப்போதும் திமிங்கிலம் வந்தது. பத்தாம் மாடி பால்கனியிலிருந்து அதன் முதுகைப் பார்த்தோம், வால் எழுந்தது, முடிந்தது. கப்பல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கேட்டார்: “கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போக மாட்டாங்களாடா?” மாட்டார்கள். மறுநாள் காலை ஜூனோ துறையில் அந்தக் கப்பலுக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் குறித்து வைத்திருந்தார்கள்.

அலாஸ்காவுக்கு எதில் போவது என்று இங்கே சியாட்டிலில் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்வியிலிருந்துதான் பதிலைத் தொடங்குகிறேன். விலையும் சாப்பாடும் அறையும் அதற்கு அடுத்துத்தான்.

அலாஸ்கா என்றால் பலருக்கும் வடதுருவம் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதன் தென்கிழக்கு வால்: கெட்சிகனிலிருந்து ஸ்காக்வே வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் அவற்றுக்கு இடையே ஆழமான நீர்ச்சந்துகளும். இன்சைடு பாசேஜ் என்பது இந்த வழிதான். கரை முழுக்க டாங்காஸ் தேசியக் காடு. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் அதுதான் மிகப் பெரியது. மழைக்காடு, ஆனால் குளிர்ப் பிரதேசத்து மழைக்காடு. மாநிலத் தலைநகரமான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ஒன்று விமானம், இல்லையென்றால் கடல்.

கடலில் போக மூன்று வழி இருக்கிறது. மூவாயிரம், நான்காயிரம் பேர் ஏறும் சொகுசுக் கப்பல். இருபது பேரிலிருந்து நூறு பேர் வரை மட்டுமே ஏறும் எக்ஸ்பெடிஷன் கப்பல். அப்புறம், மாநில அரசே 1963 முதல் நடத்தும் ஃபெரி. மூன்றிலும் போயிருக்கிறேன். மூன்றுமே ஒரே வரைபடத்தில் ஓடினாலும் காட்டுவது மூன்று வெவ்வேறு அலாஸ்கா.

பெரிய கப்பல் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உடம்பு. முன்னூறு மீட்டர் நீளமும் எட்டு மீட்டருக்கு மேல் நீருக்கடியிலும் வைத்துக்கொண்டு சின்னச் சந்துகளில் நுழைய முடியாது. அதனால் கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று எல்லாக் கப்பல்களும் அதே ஊர்களுக்குத்தான் போகும். ஜூனோவில் இருப்பவர்கள் சுமார் 32,000 பேர். ஒரே நாளில் அதில் பாதி அளவுக்குப் பயணிகள் வந்து இறங்கினால் ஊர் என்ன ஆகும்? 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான் என்று வரம்பு வைத்தார்கள். நாங்கள் போன அன்று கடைத்தெருவில் அப்பாவுக்கு உட்கார ஒரு பெஞ்ச் தேடி இருபது நிமிடம் அலைந்தேன். நகைக்கடைகளையும் டீஷர்ட் கடைகளையும் பார்ப்பதற்காகவா இவ்வளவு வடக்கே வந்தோம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்குத் தோன்றவில்லை, மவுண்ட் ராபர்ட்ஸ் ரோப்காரில் ஏறி இறங்கியதே அவருக்குத் திருப்தி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சின்னக் கப்பலுக்கு ஊரே தேவையில்லை. ஒரு கழிமுகத்தில் நங்கூரம் போட்டு, ரப்பர் படகை இறக்கி, பத்துப் பன்னிரண்டு பேராகக் கரைக்குப் போவோம். பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ் கட்டாயம். இந்தப் பக்கத்தில் எக்ஸ்ட்ரா டஃப் என்று அந்த பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காலைக் காட்டும். கல்யாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. காட்டுக்குள் பாதை கிடையாது. கரடி நடந்து நடந்து பாசியில் பதிந்த குழிகளில்தான் நாமும் கால் வைக்கிறோம். அட்மிரால்டி தீவில் மட்டும் சுமார் 1,600 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் “ஹே பேர்!” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நடப்பார். கரடியைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பதற்காக. அன்று நாங்கள் கரடியைப் பார்க்கவில்லை. அது தின்றுவிட்டுப் போட்ட சால்மனைப் பார்த்தோம். மூளையும் முட்டையும் மட்டும் போயிருந்தன, மீதி அப்படியே கிடந்தது. சால்மன் ஏராளமாக வரும் காலத்தில் கரடி கொழுப்பு மிகுந்த பாகத்தை மட்டும்தான் தின்னும். மீதி உடம்பு மக்கி அந்த மரங்களுக்கே உரமாகிறது. அந்தக் காட்டின் உயரத்தில் கடலுக்கும் பங்கு உண்டு.

தேசியப் பூங்காவான கிளேசியர் பே விரிகுடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பலரும் காசு கட்டுவதே இதற்காகத்தான்.

1750 வாக்கில் அந்த விரிகுடா முழுவதும் பனியாறு. 1794-ல் ஆங்கிலேயக் கடற்பயணி வான்கூவரின் குழு வந்தபோது கரையில் ஐந்து மைல் உள்வாங்கிய ஒரு வளைவு மட்டும்தான் இருந்தது. 1879-ல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று உச்சிவரை போக அறுபத்தைந்து மைல் கடல். ஹூனா டிலிங்கிட் பழங்குடி மக்களின் ஊர்கள் இங்கே இருந்தன. முன்னேறி வந்த பனி அவர்களை விரட்டியது. 2016-ல் அவர்களுடைய குல வீடு ஒன்று அந்த விரிகுடாவின் பார்ட்லெட் கோவ் கரையில் மறுபடி எழுந்தது. அதன் முகப்பில் செதுக்கிய சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் பனியாற்றைப் பார்க்கப் போனால், அந்தப் பனி வேறு மாதிரித் தெரிகிறது.

இந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களைத்தான் விடுகிறார்கள். சின்னப் பயணக் கப்பல்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆகவே டிக்கெட் வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பயணத்தில் கிளேசியர் பே இருக்கிறதா, இல்லையா? “பனியாறு காட்டுவோம்” என்று விளம்பரத்தில் இருந்தால் அது வேறு பனியாறாகவும் இருக்கலாம். ஜூனோவுக்குத் தெற்கே இருக்கும் ட்ரேசி ஆர்ம் என்ற ஒடுங்கிய கடல்நுழைவு முன்பெல்லாம் பலருடைய பட்டியலில் இருந்தது. 2025 ஆகஸ்ட் 10 அதிகாலை அங்கே மலைச்சரிவு பெயர்ந்து கடலில் விழுந்து பேரலை எழும்பியது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பக்கத்திலிருக்கும் எண்டிகாட் ஆர்முக்கு மாறின. பனி பின்வாங்கும்போது அதுவரை தாங்கி நின்ற மலைச்சுவரின் பிடி தளர்ந்துவிடுகிறது. போகும் இடத்தில் இதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதில் தப்பே இல்லை.

பெரிய கப்பல் கிளேசியர் பேயில் ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க இருக்கும். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்குவார்கள், நன்றாகவே சொல்வார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி இரு பக்கத்துக்கும் காட்டும். நீருக்கு மேலே சுமார் 250 அடி உயர்ந்து நிற்கும் நீலச்சுவர் அது. ஆனால் பயணிகள் எங்கேயும் இறங்க முடியாது.

சின்னக் கப்பலில் உள்ளேயே ஒன்றிரண்டு இரவு தங்கும் பயணங்கள் உண்டு. கயாக்கில் போகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் மறுபடி காசு சேர்ப்பேன். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தால், சுற்றி மிதக்கும் பனித்துண்டுகள் பொரிகிற சத்தம் கேட்கும். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது மாதிரி, விடாமல். பனியில் பல காலமாக அடைபட்டுக் கிடந்த காற்றுக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. தூரத்தில் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. முதலில் சத்தமே இல்லை. விழுந்து, தண்ணீர் எழும்பி, மூன்று நான்கு எண்ணிய பிறகுதான் இடி வந்தது.

இந்தச் சத்தம் இரண்டுமே பத்தாம் மாடியில் எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின், காற்று, ஒலிபெருக்கி, சுற்றிலும் ஆட்கள்.

சரி, காசு. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கப்பலில் மே மாதத்தில் ஜன்னல் இல்லாத அறை ஆளுக்கு ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கும். சின்னக் கப்பலில் ஒரு வாரத்துக்கு ஆளுக்கு ஐந்தாயிரத்துக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏழு, எட்டு சாதாரணம். ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று மலைக்காமல், இறங்கிய பிறகு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெரிய கப்பலில் திமிங்கிலம் பார்க்கப் படகு தனி, ஹெலிகாப்டரில் பனியாற்றில் இறங்குவது தனி, தினப்படி டிப்ஸ் தனி. நாங்கள் திரும்பிவந்து கூட்டியபோது டிக்கெட் அளவுக்கு மேற்செலவும் ஆகியிருந்தது. சின்னக் கப்பலில் படகு, கயாக், நடை, வழிகாட்டி எல்லாம் பெரும்பாலும் விலையிலேயே அடக்கம். டிப்ஸும் ஜூனோவரை விமானமும்தான் வெளியே. உண்மையான வித்தியாசம் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் பெரிய தொகைதான், நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு கார் வாங்குகிற காசு. அதனால் கடன் வாங்கிப் போகும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அம்மா அப்பாவை இந்தியாவிலிருந்து வரவழைத்து அழைத்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கனடா. அமெரிக்காவில் 1886-ல் வந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைகளுக்கு நடுவே மட்டும் பயணிகளை ஏற்றிப்போக முடியாது; நடுவில் அயல்நாட்டுத் துறை ஒன்றைத் தொட வேண்டும். பெரிய கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுப் பதிவு. சியாட்டிலில் புறப்படும் கப்பல் ஏதோ ஒரு ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது அதற்காகத்தான். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அந்தச் சில மணி நேரத்துக்கும் கனடா விசா வேண்டும், அமெரிக்காவுக்குத் திரும்பி நுழையவும் விசா செல்லுபடியாக வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு ஏறப்போய்த் துறையிலேயே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஜூனோவில் ஏறி சிட்காவிலோ கெட்சிகனிலோ இறங்கும் அமெரிக்கக் கொடிச் சின்னக் கப்பல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபெரிக்கும் இல்லை.

குமட்டலைப் பற்றி எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். சின்னக் கப்பல் என்றால் ஆடும், பெரியது ஆடாது என்று. கப்பலைவிட முக்கியம் அது போகும் தண்ணீர். சியாட்டிலிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பல வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. எங்கள் பயணத்தில் முதல் ராத்திரி அம்மா எழுந்திருக்கவே இல்லை. ஜூனோவைச் சுற்றியே ஓடும் சின்னக் கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் இருக்கும். ஒரு வாரத்தில் ஒரே ஒரு மத்தியானம்தான் எனக்கு இஞ்சி மிட்டாய் தேவைப்பட்டது. ஏப்ரலிலும் செப்டம்பரிலும் சியாட்டிலுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே போகும் சின்னக் கப்பல் பயணங்கள் வேறு கதை. அவை பசிபிக் அலை நேராக வரும் குயின் ஷார்லட் சவுண்டையும் டிக்ஸன் என்ட்ரன்ஸையும் கடக்க வேண்டும்.

சின்னக் கப்பலுக்கு எதிராகவும் நேர்மையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பலவற்றில் லிஃப்ட் இல்லை. படிகள் செங்குத்து. சிலவற்றில் மருத்துவர் இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் கடல்விமானம் வந்துதான் தூக்கிப்போக வேண்டும். ரப்பர் படகில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்து, மாலுமியின் முழங்கையைப் பிடித்து உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஒவ்வொரு நாளும் இரண்டு முறை. கைக்குழந்தையோடு போவது ரொம்பக் கஷ்டம். அறை நம் ஊர் ரயில் கூப்பேயைவிடக் கொஞ்சம் பெரிது. சைவம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் செய்வார்கள், ஆனால் ஒரே சமையலறை, ஒரே சமையல்காரர். நான்காம் நாள் காளான் எனக்கு அலுத்துவிட்டது. பருப்புப்பொடி டப்பா ஒன்று எங்களையும், அதை ருசி பார்த்த ஒரேகன் தம்பதியையும் காப்பாற்றியது. இந்த வகையில் பெரிய கப்பலோடு போட்டியே போட முடியாது. அப்பாவுக்கு அங்கே தினமும் ராத்திரி சோறும் பருப்பும் கிடைத்தது. சர்க்கரை நோய், இதய நோய், சக்கர நாற்காலி, மூன்று வயதுக் குழந்தை – இவற்றில் எது இருந்தாலும் பெரிய கப்பலில் போங்கள், மனக்குறை இல்லாமல் போங்கள். கிளேசியர் பே உள்ள பயணமாகப் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான்.

ஃபெரியை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. சியாட்டிலுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரத்தில் பெல்லிங்ஹாம். அங்கிருந்து ஏறினால் கெட்சிகனுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள், ஜூனோவுக்கு மூன்று நாளை ஒட்டி. கட்டணம் சில நூறு டாலர். கேபின் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வேண்டாம் என்றால் மேல்தளத்தில் கூரை போட்ட சோலேரியத்தில், தலைக்கு மேலே ஹீட்டர் எரிய, சாய்வு நாற்காலியில் ஸ்லீப்பிங் பேக்கை விரிக்கலாம். திறந்த தளத்தில் கூடாரம் அடித்து, ஆணிக்குப் பதிலாக டக்ட் டேப்பால் ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் பீட்டர்ஸ்பர்க் மீனவர். பல் வைத்தியத்துக்காகத் தெற்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணி ஒன்று சீட்டாடிக்கொண்டிருந்தது. இது அவர்களுடைய பஸ். நாம் அதில் ஏறிக்கொள்கிறோம்.

பெரிய கப்பல் நுழையாத ராங்கல் நேரோஸில் ஃபெரி நுழைகிறது. இருபத்திரண்டு மைல் நீளச் சந்து. வழிநெடுகச் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள், அதனால் கிறிஸ்துமஸ் மர வீதி என்று அதற்குப் பெயர். நாங்கள் இரவு பதினோரு மணிக்குப் போனோம். வீடுகளின் ஜன்னல் வெளிச்சம் கையெட்டும் தூரத்தில் நகர்ந்தது. குறை என்னவென்றால் ஃபெரியும் திமிங்கிலத்துக்காக நிற்காது. பழைய கப்பல்கள், பழுதானால் அட்டவணை மாறும், கோடையிலும் பெல்லிங்ஹாமிலிருந்து வாரத்துக்கு ஒன்றுதான். ஆகவே திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

ஃபெரியின் பலமே அதிலிருந்து இறங்கலாம் என்பதுதான். ஜூனோவிலிருந்து இன்னொரு சின்ன ஃபெரியிலோ விமானத்திலோ குஸ்டேவஸ் என்ற சின்ன ஊருக்குப் போகலாம். அங்கிருந்து பத்து மைலில் பார்ட்லெட் கோவ், பூங்காவின் விடுதி, கட்டணமே இல்லாத கூடாரத் திடல். கோடையில் தினமும் காலை அங்கிருந்து ஒரு பகல்நேரப் படகு கிளம்பி, சுமார் 130 மைல் சுற்றி எட்டு மணி நேரத்தில் பனியாற்றைக் காட்டித் திரும்புகிறது. ரேஞ்சரும் கூட வருகிறார். சவுத் மார்பிள் தீவில் கடல்சிங்கங்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சண்டை போடுவதற்கும், பஃபின் பறவைகளுக்கும், பாறைமேல் நிற்கும் மலையாடுகளுக்கும் அந்தப் படகு நிற்கிறது.

ஆக, உடம்பும் காசும் இடம் கொடுத்தால் சின்னக் கப்பல்தான். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போங்கள். மழை குறைவு, பகல் நீளம். திமிங்கிலங்கள் குமிழி வட்டத்தால் மீனை வளைக்கும் அந்தக் குமிழிவலை வேட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். உடம்பு இருக்கிறது, காசு இல்லை என்றால் ஃபெரியும் பகல்படகும். இந்த இரண்டும் சேர்ந்தது பெரிய கப்பலைவிட எனக்குப் பிடிக்கிறது.

அம்மாவுக்கு இன்னொரு முறை போக வேண்டுமாம். சின்னக் கப்பலின் படிகள் அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது, ஃபெரியில் மூன்று நாள் இருவருக்குமே ஆகாது. விமானத்தில் ஜூனோ, அங்கிருந்து குஸ்டேவஸ், விடுதியில் மூன்று ராத்திரி, இரண்டு பகல் படகு என்று முடிவு செய்திருக்கிறோம். பார்ட்லெட் கோவில் கடல் வற்றும்போது படகுத்துறைக்கு இறங்கும் சாய்பாலம் ஏணிபோல் செங்குத்தாகிவிடும். அதனால் ஓத அட்டவணையை எடுத்துவைத்து, காலையில் கடல் ஏறி நிற்கும் இரண்டு நாட்களாகப் பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறேன். படகு நிற்குமா என்று அம்மா மறுபடியும் கேட்டார். நிற்கும் என்றேன்.